குளிர்காலத்துக்கு ஒரு கூடாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நண்பர்களோடு ஆறு வாரம் முகாமிட்டிருந்த அனுபவத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் ஓய்வுபெற்ற அன்பர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சொந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பாலைவனத்தில் மாதக்கணக்கில் வண்டிக்குள் வாழ்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது வசதியின்மையா, விருப்பமா? அங்கே பொழுது எப்படிப் போகிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏற்காடு

பெரும்பாலோருக்கு விருப்பம்தான் அம்மா. வாடகை கொடுக்க இயலாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்களும் அங்கே உண்டு. அவர்களை மறைத்து எழுதுவது நியாயமாகாது. ஆனால் நான் பழகியவர்களில் பலர் மின்னசோட்டா, மிச்சிகன் போன்ற வட மாநிலங்களிலும் கனடாவிலும் சொந்த வீடு உடையவர்கள். ஜனவரியில் அந்த ஊர்களில் வெப்பம் உறைநிலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வாசலில் குவிந்த பனியை வாரித் தள்ளாமல் தெருவில் கால் வைக்க முடியாது. வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். எழுபதை நெருங்கியவர்களுக்கு அந்த மாதங்கள் ஏறக்குறைய வீட்டுக்காவல். ஆகவே குளிர் தொடங்கும்போது தெற்கே இறங்கி, வெயில் ஏறும்போது வடக்கே திரும்புகிறார்கள். அங்கே அவர்களைப் 'பனிப்பறவைகள்' என்று அழைக்கிறார்கள். ஆண்டுதோறும் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து போவதைப் பார்த்திருக்கும் நமக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் தங்கியது குவார்ட்ஸைட் என்னும் சிற்றூரை ஒட்டிய லா போசா என்ற பாலைவெளி. அது மத்திய அரசின் நிலம். அத்தகைய நிலங்களில் பொதுவாகப் பதினான்கு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்க விடமாட்டார்கள். குளிர்காலம் முழுவதும் தங்க வருபவர்களுக்கென்றே நில மேலாண்மைத் துறை 1983-இல் சில நீண்டகால முகாம்களை ஏற்படுத்தியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான ஏழு மாதத்துக்கும் ஒரே அனுமதிச் சீட்டு. நான் சென்றபோது அதன் கட்டணம் 180 டாலர். இரண்டு வாரம் போதும் என்றால் 40 டாலர். அந்தக் கட்டணத்துக்குத் தண்ணீர்க் குழாயும், வண்டியின் கழிவுநீரை இறக்கும் இடமும், குப்பைத் தொட்டியும், சில கழிப்பறைகளும் கிடைக்கும், மின்சாரம் கிடைக்காது. படப்பிடிப்புத் தளங்களில் நாம் பார்க்கும் கேரவன் போன்ற அந்த வண்டிகளின் கூரையில் சூரியத் தகடு பதித்திருப்பார்கள். விளக்குக்கும் சிறு குளிர்பெட்டிக்கும் அதுவே போதும். தண்ணீரைத்தான் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் என் பழக்கம் அங்கே போனது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

என்னை அழைத்தவர் என்னோடு சேலத்தில் கல்லூரியில் படித்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் குடியேறிய நண்பர். அவரும் இன்னும் மூன்று குடும்பங்களும் தங்கள் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, நடுவில் தீ மூட்டும் இடத்தை விட்டிருந்தார்கள். காலையில் நடை, பிறகு அவரவர் வேலை. ஒருவர் கல் பொறுக்குவார். ஜனவரி, பிப்ரவரியில் அந்த ஊரில் மணிக்கற்களுக்கும் தாதுக்கற்களுக்கும் பெரிய சந்தைகள் கூடுகின்றன. நான் ஒருநாள் ஊர்க் கல்லறைக்குப் போனேன். 1856-இல் அமெரிக்கப் படை பாலைவனப் போக்குவரத்துக்காக ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றோடு வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரர் 1902-இல் இறந்து அங்கே அடக்கமாகியிருக்கிறார். அமெரிக்க நாக்குக்கு அவர் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. கல்லால் எழுப்பிய ஒரு சிறு பிரமிடும், அதன் உச்சியில் செம்பால் செய்த ஒட்டகமும் அவருக்கு நினைவுச் சின்னமாக நிற்கின்றன. எங்கோ பிறந்து இங்கே உறங்கும் அந்த மனிதர் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

மாலையில் எல்லோரும் தங்கள் நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு தீயைச் சுற்றி உட்காருவார்கள். பாலைவனம் என்றால் இரவிலும் வெப்பம் என்று எண்ணிவிடாதீர்கள். ஈரமற்ற காற்றும் மேகமற்ற வானமும் பகலின் சூட்டைத் தேக்கி வைப்பதில்லை. நண்பகலில் இருபது டிகிரிக்கு அருகே இருந்தது, விடியற்காலையில் ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடும். ஏற்காட்டுக் கம்பளியை நீங்கள் அங்கேயும் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மகன் மிச்சிகனில் இருக்கிறான். சுற்றுலா விசாவில் செல்லும் நானும் என் மனைவியும் அப்படிப்பட்ட முகாமில் தங்க முடியுமா? மருத்துவச் செலவுக்கும் ஓய்வூதியத்துக்கும் என்ன ஏற்பாடு?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம்

தங்கலாம் ஐயா. விசாவில் அச்சிட்ட முடிவுத் தேதி வேறு, நீங்கள் தங்க அனுமதிக்கப்பட்ட காலம் வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நாட்டுக்குள் நுழையும்போது அதிகாரி குறிக்கும் தேதியே செல்லும். அது பெரும்பாலும் ஆறு மாதமாக இருக்கும். ஐ-94 என்னும் அந்தப் பதிவை இணையத்தில் எடுத்து, மகனோடு சேர்ந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு நம்மைப் போன்ற விருந்தினருக்குக் கிடையாது. அங்கே ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தால் நம் ஆண்டு ஓய்வூதியமே கரைந்துவிடும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கு அது எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறது என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். மருந்துகளை முழுக் காலத்துக்கும் கணக்கிட்டு, மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு கைப்பையில் கொண்டுசெல்லுங்கள். இன்னொன்று: அரிசோனாவின் மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. புழுதியோடு நுரையீரலுக்குள் போனால் காய்ச்சலும் இருமலும் வரும். 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' என்று சொல்கிறார்கள். புழுதிக் காற்று வீசும்போது வண்டிக்குள் இருங்கள். திரும்பி வந்தபின் வாரக்கணக்கில் இருமல் விடாவிட்டால், நீங்கள் எங்கே தங்கியிருந்தீர்கள் என்பதைச் சேலம் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்கு அது தோன்ற வாய்ப்பில்லை.

ரயில்வே ஓய்வூதியர் என்பதால் நவம்பரில் வாழ்வுச் சான்று தர வேண்டும். முகத்தைக் காட்டிக் கைப்பேசியிலேயே டிஜிட்டல் சான்று அளிக்கும் வசதி இருக்கிறது. அதைப் புறப்படுவதற்கு முன்பே ஒருமுறை வங்கியில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். முடிந்தால் நவம்பர் முதல் வாரத்தில் சான்றைக் கொடுத்துவிட்டே விமானம் ஏறுங்கள்.

கேள்வி: எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான்கு நண்பர்கள் நாங்கள். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டு மூடுபனி எங்களுக்கு மூட்டுவலியையும் இளைப்பையும் கொடுக்கிறது. அமெரிக்கா செல்ல வசதியில்லை. இங்கேயே அப்படி ஒரு முகாம் அமைக்க முடியாதா?
— ஏற்காடு அன்பர்

எனக்கு வந்த கடிதங்களில் மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது. நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில்; சேலம் 280 மீட்டருக்கு அருகே. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது வானிலைக் கணக்கு. அப்படியானால் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி முடிக்கும்போதே உங்களுக்கு ஏழெட்டு டிகிரி வெப்பம் கூடிவிடுகிறது. மிச்சிகன்காரர் இரண்டாயிரம் மைலுக்கு மேல் வண்டி ஓட்டிப் பெறுவதை நீங்கள் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பெறலாம். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்று மனம் இழுத்தாலும், அவசரத்துக்கு அன்றைக்கே மேலே போய்வரும் தூரம்தான்.

வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமோ எடப்பாடிப் பக்கமோ தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தைத் தேடுங்கள். பம்ப்செட்டும், நல்ல கழிப்பறையும், மழை வந்தால் ஒதுங்க ஒரு கொட்டகையும் இருக்க வேண்டும். இவற்றில் கழிப்பறையே முதலாவது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு உட்காரும் வகைக் கழிப்பறை இல்லையென்றால் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தென்னையின் அடியில் கூடாரம் போடாதீர்கள். மட்டையும் காயும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. மாந்தோப்பு நிழல் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் தையில் மா பூக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். இளைப்பு உள்ளவர் அங்கே இருக்கக் கூடாது. வேப்ப மரம் நல்லது. போகியன்று காலையில் நகரப் புகை தாழ்ந்து நிற்கும் என்பதால் நகரத்திலிருந்து தள்ளியே இருங்கள்.

பூலாம்பட்டியில் காவிரியைப் பார்த்தவர்களுக்கு ஆற்றங்கரையிலேயே கூடாரம் போட ஆசை வரும். அது மேட்டூர் அணைக்குக் கீழே இருக்கும் ஊர். அணை 120 அடி நிரம்பிய நிலையில் மேலே மழை பெய்தால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். கரையில் உட்கார்ந்து பாருங்கள், மேட்டில் படுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடற்கரைகளுக்குப் போக விரும்பினால் பொங்கலுக்குப் பிறகு போங்கள். வடகிழக்குப் பருவமழை மார்கழியிலும் அங்கே ஓய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கலாகாது. சேர்வராயன் மலையடிவாரத்தில் வனத்துறைக்கு உரிய நிலத்தில் அனுமதியின்றித் தங்குவது குற்றம். காட்டெருமை நடமாடும் இடமும் அதுவே.

ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குளிருக்காகக் கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ மூடிய கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். வெந்நீர்ப் பையும் இன்னொரு கம்பளியும் போதும். கூடாரத்தின் வாயிலை எப்போதும் இழுத்து மூடிவைத்தால் பாம்பும் தேளும் உள்ளே வரும் வாய்ப்பு குறையும். பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். தோட்டத்துக்கு வரும் வழியை 108 வண்டிக்காரருக்குச் சொல்லும் வகையில் ஒரு தாளில் எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் நமக்கு வழி சொல்ல வராது.

கேள்வி: என் கணவரும் அவருடைய நண்பர்களும் இப்படி ஒரு திட்டம் போடுகிறார்கள். எட்டுப் பேருக்கு இரண்டு மாதம் சமைப்பதுதான் என் ஓய்வா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.
— அம்மாபேட்டை வாசகி

உங்கள் கவலை முற்றிலும் சரியானது. இதற்கு விடை காணாமல் யாரும் கூடாரத் துணி வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. நானும் என் நண்பர்களும் முதன்முதலாக இங்கே ஒரு தோட்டத்தில் தங்கியபோது இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பதினைந்தாம் நாள் என் மனைவி, "வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்தேன், இங்கே எட்டுப் பேருக்குச் சமைக்கிறேன், வெயில் மட்டும்தான் கூடுதல்" என்று சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அதே வாரத்தில் செலவுக் கணக்கிலும் மனத்தாங்கல் வந்து, பத்து நாள் முன்னதாகவே முகாமைக் கலைத்தோம். குற்றம் எங்கள் நால்வருடையதே.

அரிசோனாவில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கூரை, தனி அடுப்பு, மாலைத் தீ மட்டும் பொது. அழைக்காமல் யாரும் யாருடைய வண்டிக் கதவையும் தட்டுவதில்லை. ஆனால் காலை எட்டு மணிக்குள் ஒரு வண்டியின் சன்னல் திரை விலகவில்லையென்றால் பக்கத்து வண்டிக்காரர் வந்து கேட்பார். இந்த முறையைத் திரும்பி வந்தபின் இங்கேயும் கொண்டுவந்தோம். காலையும் இரவும் அவரவர் அடுப்பு. பகல் உணவுக்குப் பக்கத்து ஊர் அம்மா ஒருவரை நியாயமான சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் சமைத்தோம். பொதுப்பணத்தின் கணக்கை வாரந்தோறும் சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் படித்துவிடுவோம். உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவரும் நண்பர்களும் உடன்படவில்லையென்றால் போகாதீர்கள். போகாமல் இருப்பதற்காக நீங்கள் குற்றவுணர்வு கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: என் மனைவி காலமாகி ஓராண்டு ஆகிறது. நண்பர்கள் மூவரும் மனைவியரோடு செல்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். இணைகளுக்கு நடுவே நான் ஒற்றையாய் எப்படிப் போவது?
— ஓமலூர் வாசகர்

போய் வாருங்கள் ஐயா. முழு இரண்டு மாதம் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் பத்து நாள் என்று சொல்லுங்கள். அவர்களுடைய கூடாரத்தில் ஓர் ஓரம் என்று இல்லாமல், சிறியதானாலும் உங்களுக்கென்று ஒரு கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள். அழ வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் ஓர் இடம் வேண்டும். உங்கள் பொறுப்பு என்று ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லா போசாவில் எங்கள் வட்டத்தில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் காப்பி போடுவது அவர் வேலை. ஆறு வாரத்தில் ஒரே ஒருநாள், தம் கணவரின் நினைவு நாளில், அவர் எழுந்து வரவில்லை. அன்று நாங்கள் காப்பி போட்டு அவருடைய வண்டிக்கு எடுத்துச் சென்றோம். அவர் கதவைத் திறந்து, வாங்கிக்கொண்டு, "உட்காருங்கள்" என்றார். வெயில் ஏறும்வரை அவர் தம் கணவரைப் பற்றிப் பேசினார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.