‘சும்மா கிடக்கிற’ கணினி

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கணினியை அணைப்பதே இல்லை. அவன் தூங்கிய பிறகும் அதன் ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்டால், “சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்தானேம்மா, ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கேன்” என்கிறான். காசும் வருவதில்லையாம். பெரிய பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கு இவனுடைய ஒற்றைக் கணினி எதற்கு? யாராவது ஏமாற்றுகிறார்களா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் மகனை யாரும் ஏமாற்றவில்லை. அவர்தான் உங்களை லேசாக ஏமாற்றுகிறார், ‘சும்மா’ என்கிற ஒரு சொல்லை வைத்து. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், ஒற்றைக் கணினி எதற்கு?

இதை விளக்க வருகிறவர்கள் வழக்கமாக ஊர் கூடித் தேர் இழுப்பதை உவமையாகச் சொல்வார்கள். பொருந்தாத உவமை. தேர் நகர வேண்டுமானால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வடத்தைப் பிடித்தாக வேண்டும். இது விடைத்தாள் திருத்துகிற மாதிரியான வேலை. லட்சக்கணக்கான தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுக்கிறார்கள். என் கட்டுக்கும் உங்கள் கட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் என் கட்டு வேறொருவருக்குப் போகும், அவ்வளவுதான். இப்படிப் பிரித்துக் கொடுக்க முடிகிற கணக்குகள் அறிவியலில் ஏராளம். அவற்றுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை; நிறைய வீட்டுக் கணினிகள் போதும்.

எல்லாக் கணக்கும் இப்படிப் பிரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாளைய வானிலையைக் கணிக்க, வரைபடத்தில் ஒவ்வொரு கட்டத்தின் காற்றும் பக்கத்துக் கட்டத்தின் காற்றைக் கேட்டுக் கேட்டு நகர வேண்டும். வீட்டு இணையத்தை நம்பி அது நடக்காது. ஆனால் 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கிளைமேட் பிரடிக்‌ஷன் டாட் நெட் என்ற திட்டம் இதற்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடித்தது. பூமியைத் துண்டு போடாமல், முழுப் பூமியின் மாதிரியையும் ஒவ்வொரு வீட்டுக் கணினிக்கும் கொடுத்தார்கள். மேகம் எப்படி நடந்துகொள்ளும் என்பது போன்ற அனுமானங்களை மட்டும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிவிட்டார்கள். எந்த அனுமானம் பருவநிலையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்க்க, ஆயிரக்கணக்கான பூமிகள் கிடைத்தன. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

உங்கள் மகனின் கணினியில் அநேகமாக பாயிங்க் என்ற மென்பொருள் இருக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய வேலை அது. அது திட்டத்தை நடத்துகிறவர்களின் சர்வரிடம் கேட்டு ஒரு துண்டு வேலையை வாங்கி வரும், கெடு தேதிக்குள் முடித்துத் திருப்பி அனுப்பும், அடுத்ததைக் கேட்கும். துண்டு எவ்வளவு பெரியது என்றால், வேற்றுக்கிரகவாசிகளின் ரேடியோ சமிக்ஞையைத் தேடிய ஸெட்டி அட் ஹோம் திட்டத்தில் ஒரு துண்டு ஏறக்குறைய 340 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சிறியது. அதை அலசத்தான் அன்றைய கணினிகளுக்கு மணிக்கணக்கில் ஆனது. அனுப்புவது கொஞ்சம், கணக்குப் போடுவது நிறைய என்று இருந்தால்தான் இந்த முறையே கட்டுப்படியாகும்.

சர்வர் உங்கள் மகனை நம்புவதும் இல்லை. பல திட்டங்களில் ஒரே துண்டை முன்பின் தெரியாத இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, விடை ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது கணினிக்குப் போகும். இரட்டைத் திருத்தம் மாதிரிதான். சூடேறிய பிராசசர்கள் கணக்கைத் தப்பாகப் போடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மனிதர்கள். வேலைக்குக் கூலியாக வெறும் புள்ளிகள்தான் கிடைக்கும், கடையில் செல்லாது. அந்தப் புள்ளிக்காகவே மென்பொருளைத் திருத்திப் பொய் விடை அனுப்பியவர்கள் ஸெட்டி அட் ஹோம் காலத்திலேயே இருந்தார்கள். வேற்றுக்கிரகவாசி கிடைத்தாரோ இல்லையோ, நம்மவர்கள் யார் என்று தெரிந்துவிட்டது.

சரி, இதனால் என்ன விளைந்தது? 1999 மே 17-இல் தொடங்கிய ஸெட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31-இல் புதிய வேலை கொடுப்பதை நிறுத்தியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்கள். வேற்றுக்கிரகவாசி கிடைக்கவில்லை. இன்னொரு திட்டமான ஐன்ஸ்டீன் அட் ஹோமில் வேறொன்று கிடைத்தது: 2010-இல் ஒரு புதிய பல்சர். நொடிக்கு சுமார் 41 முறை சுழலும் நட்சத்திரம் அது. கண்டுபிடித்த கணினிகளில் ஒன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் வீட்டில் இருந்தது, மற்றொன்று ஜெர்மனியில் ஒருவருடையது. இருவரும் பார்த்தார்கள் என்பது நான் முன்பு சொன்ன இரட்டைத் திருத்தத்தால்தான். மெர்சென் பகா எண்களை, அதாவது இரண்டை இரண்டாலேயே பல முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்களை, தேடும் கிம்ப்ஸ் என்ற திட்டம் 1996 முதல் ஓடுகிறது. 2024-இல் அது கண்டுபிடித்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள், தேடுகிறவர்களே பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

2020-இல் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்று ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம், கொரோனா வைரஸின் புரதங்களைக் கையில் எடுத்ததும் உலகம் முழுவதிலிருந்தும் கணினிகள் வந்து குவிந்தன. மார்ச் மாதமே எக்ஸாஃப்ளாப் எல்லையைத் தாண்டிவிட்டது. நொடிக்கு, ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் எவ்வளவோ அத்தனை கணக்குகள். சூப்பர் கம்ப்யூட்டர்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அந்த எல்லையைத் தாண்டியதாக ஒரு பெயர், ஃபிரான்டியர், ஏறியது 2022-இல்தான். இதில் யாரும் பெருமையாகச் சொல்லாத பகுதி, அத்தனை கணினிகளுக்கும் கொடுக்க வேலை போதவில்லை என்பது. பலர் வேலைக்காகக் காத்துக் கிடந்தார்கள். துண்டு போடவும் விடைகளைச் சேர்த்துப் பொருள் காணவும் விஞ்ஞானிகள் வேண்டுமே, அவர்களை எங்கே போய் டவுன்லோடு செய்வது?

இப்போது அந்த ‘சும்மா’வுக்கு வருகிறேன். இந்தச் சொல் 1999-இல் ஓரளவு உண்மை. அன்றைய பிராசசர்கள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மின்சாரச் செலவில் பெரிய வித்தியாசம் காட்டியதில்லை. இன்றைய பிராசசர்கள் வேலை இல்லாவிட்டால் கிட்டத்தட்டத் தூங்கிவிடும், எழுப்பினால்தான் இழுக்கும். உங்கள் மகனின் கணினி இந்த வேலைக்காக 100 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72. கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்து முடுக்கிவிட்டால் கணக்கு எங்கேயோ போகும். அத்தனையும் வெப்பமாக அறைக்குள்தான் இறங்கும். அதைக் குளிர்விக்க ஏசி ஓடினால் அதற்கும் சேர்த்து. ஆக, அவர் தானம் செய்வது கணினியை இல்லை, மின்சாரத்தை. தாராளமாகச் செய்யட்டும். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யட்டும்.

பரணில் கிடக்கும் பழைய கணினியையும் எடுத்து மாட்டுகிறேன் என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அதே கணக்குக்கு அது புதியதைவிடப் பல மடங்கு மின்சாரம் தின்னும். மடிக்கணினியில் முழுவேகம் வேண்டாம், சூடு அதற்கு ஆகாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பாயிங்க் தானாகவே அடக்கமாக நடந்துகொள்ளும்: சார்ஜரில் இருந்து, பேட்டரி 90 சதவீதத்தைத் தாண்டினால்தான் வேலையைத் தொடும்; வைஃபை இருந்தால்தான் துண்டுகளை வாங்கும், அனுப்பும்.

வேலை செய்யும் இடத்துக் கணினியில் கேட்காமல் போட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் கணினிப் பொறுப்பாளர் அங்கிருந்த கணினிகளில் இப்படி ஒரு நிரலைப் போட்டது வழக்காகி, 2002-இல் இழப்பீடு, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று முடிந்தது.

எந்தத் திட்டம் என்பதும் முக்கியம். நடத்துவது யார், விடைகளை வைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிடுகிறார்களா, யாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். திட்டங்களுக்கும் வயதாகும். புரதங்களின் வடிவத்தைக் கணக்கிட்ட ரொசெட்டா அட் ஹோமை நடத்திய டேவிட் பேக்கருக்கு 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதே பரிசின் மறுபாதி, புரதத்தின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவால் கணித்த ஆல்ஃபாஃபோல்டுக்கு உழைத்த இருவருக்குப் போனது. வீட்டுக் கணினிகள் வருடக்கணக்கில் வியர்த்துப் போட்ட ஒரு கணக்குக்குக் குறுக்கு வழி பிறந்துவிட்டது. புரதம் எப்படி அசைகிறது என்ற கேள்வி அப்படி முடிந்துவிடவில்லை; ஃபோல்டிங் அட் ஹோம் இன்னும் அதைத்தான் குடைகிறது.

ஆகவே மகனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எந்தத் திட்டம், பிராசசரில் எத்தனை சதவீதம். பாயிங்க் அமைப்புகளில் அந்த அளவைப் பாதியாகக் குறைக்கலாம், ஓட வேண்டிய நேரத்தையும் குறிக்கலாம். ஃபேன் சத்தம் அதிலேயே அடங்கும். மின்கட்டணம் யார் கட்டுவது என்று அவரிடம் கேட்க வேண்டாம், அது உங்களுக்கே தெரியும்.