கிட்டார் ஆம்ப் சிமுலேட்டரில் டிஸ்டார்ஷன் ஏன் வண்டு இரைகிற மாதிரி கேட்கிறது?

“கிட்டாரை லேப்டாப்பில் இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, அதில் இலவச ஆம்ப் பிளக்-இன் போட்டேன். டிஸ்டார்ஷன் வைத்தால் டப்பாவுக்குள் வண்டு இரைகிற மாதிரி இருக்கிறது. காசு கொடுத்து வேறு வாங்கணுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். உங்களிடம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) சிமுலேஷன் ஓடவில்லை என்றே நினைக்கிறேன். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சடாரென்று வெட்டிவிடும். அந்த வெட்டு இல்லாமல் டிஸ்டார்ஷன் வைத்தால் ஆம்ப் ஹெட்டின் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) சத்தம் எதுவானாலும் இரைச்சல்தான். நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற பிளக்-இன்களில் சில கேப்சர்கள் (நிஜ ஆம்பின் ஒலித்தன்மையைப் பிடித்துவைத்த கோப்புகள்) ஹெட்டை மட்டும் பிடித்தவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு ஐஆர் கோப்பு (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்: கேபினெட், மைக் இரண்டின் ஒலித்தன்மையைப் பதிந்தது) கட்டாயம். 4x12 கேபினெட் (12 அங்குல ஸ்பீக்கர் நான்கு), வின்டேஜ் 30 ஸ்பீக்கர், எஸ்எம்57 மைக் என்று ஒன்றை எடுத்துத் தொடங்குங்கள். கேப்சரிலேயே கேபினெட் இருந்தால் ஐஆர் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும்.

அடுத்தது இன்புட். ஜாக்கைச் செருகியதும் இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ (இன்ஸ்ட்ருமென்ட்) பொத்தானை அழுத்துங்கள். கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்புக்குச் சுமார் 1 மெகாஓம் மின்மறுப்புள்ள (இம்பீடன்ஸ்) இன்புட் வேண்டும். லைன் இன்புட்டின் சில பத்து கிலோஓமில் ட்ரெபிள் அங்கேயே செத்துவிடும், பிறகு எந்த ஈக்யூவாலும் மீளாது. கெய்னைக் குறைவில் தொடங்கி, ஓங்கி அடிக்கும்போது பீக் -12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஆம்பின் டிஸ்டார்ஷன் அல்ல, கன்வர்ட்டர் (சிக்னலை எண்களாக்கும் பகுதி) தாங்காமல் கிளிப் ஆவது.

அடுத்தது, அடித்த பிறகு ஒலி கேட்கும் தாமதம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏசியோ (ASIO) டிரைவரையே போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டு) என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட் தாமதம். போய் வர, கன்வர்ட்டர் தாமதமும் சேர்ந்து 10-க்குள் அடங்கினால் போதும். ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்து சேரும் தாமதமும் அவ்வளவுதான். ‘பட் பட்’ என்று வெடித்தால் பஃபரை 256-க்கு ஏற்றுங்கள்.

இன்னொரு சோதனை: முதல் கம்பியில் 17-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல், டிஸ்டார்ஷனோடு மெல்ல பெண்ட் செய்யுங்கள். சுருதி ஏற ஏற, அடியில் இன்னொரு மெல்லிய சுருதி இறங்கினால் அது அலியாசிங் (டிஜிட்டல் கணக்கீட்டில் தோன்றும் போலிச் சுருதி). பிளக்-இன்னில் ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே கூடுதல் சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) 4x ஆக்குங்கள். சிபியூ கொஞ்சம் கூடுதலாகத் தின்னும்.

‘இது நிஜ டியூப் (வால்வு) ஆம்புக்கு ஈடாகுமா?’ என்று சிலர் வருவார்கள். அறையில் ஆம்ப் முன்னால் நின்றால் நெஞ்சில் படும் அதிர்வை ஹெட்போன் தராது, உண்மை. ஆனால் ரெக்கார்டில் நாம் கேட்பது எப்போதுமே மைக் வழியாக வந்த ஒலிதானே?

எனக்குக் கோபம் பிரீசெட் (முன்பே அமைத்த டோன்) மூட்டை விற்பவர்கள் மேல்தான். எந்த பிக்கப்பில், எந்த இன்புட் லெவலில் அமைத்தது என்று எழுதாமலே விற்கிறார்கள். லெவல் 6 டெசிபல் மாறினாலே கிரன்ச் (லேசான டிஸ்டார்ஷன்) டோன் கிளீனாகிவிடும், அல்லது கூழாகிவிடும். வாங்கியவர், பாவம், தன் விரலைக் குறை சொல்கிறார். ஏற்கெனவே வாங்கியிருந்தால், வேறெதையும் தொடாமல் பிளக்-இன் இன்புட்டை மட்டும் 3 டெசிபல் படிகளாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.