மூச்சு வாங்குவதும் விடுவதும்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாக எதுவும் என் கையில் இல்லை. அலுவலகத்தில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், அவர்கள் வேலையும் என் தலையில். அம்மாவுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மூச்சைக் கவனி என்று எல்லோரும் சொல்வதால் ஒரு செயலியை வைத்துத் தினமும் 20 நிமிடம் உட்காருகிறேன். 41 நாள் ஒருநாளும் தவறவில்லை. ஆனால் கண்ணை மூடி ஆழமாக இழுத்தால் பதற்றம் கூடுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. நான்கு எண்ணி இழுத்து நான்கு எண்ணி நிறுத்தும் முறை நல்லதா, நான்கு எண்ணி இழுத்து, ஏழு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி விடும் 4-7-8 முறை நல்லதா? வேறு நல்ல செயலி இருக்கிறதா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்துக்கு முந்தின நாள்தான் பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். "நல்லா மூச்சை இழுங்க சார்" என்றார் உதவியாளர். இழுத்தேன். இழுத்ததை வெளியே விடாமல் கல்லு மாதிரி கிடந்தேன். யாரைப் பார்த்தாலும் இழு, ஆழமாக இழு என்றே சொல்கிறார்களே, விடு என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை என்று அப்போதிருந்தே ஒரு எரிச்சல்.

நம் பேச்சைக் கவனியுங்கள். ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்குகிறது. வேலை அதிகமானால் மூச்சு விட நேரமில்லை. வாங்குவது அவதி, விடுவது ஆசுவாசம். உடம்பும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மூச்சு உள்ளே போகும்போது நாடி சற்று விரைகிறது, வெளியே வரும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதை அடக்குகிறது. இதயத்துக்கு நேராக உத்தரவு போட முடியாது. மூச்சு தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். அந்த ஒரு பிடிதான் நமக்கு உண்டு.

நீங்களோ அந்தப் பிடியையும் திருகிக்கொண்டிருக்கிறீர்கள். தேவைக்கு மேல் இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மரக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும், இன்னும் இழுப்பீர்கள். உங்கள் மரத்துப்போன விரலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சும்மா இருக்கும்போதும் மரத்தால், நெஞ்சு வலித்தால், எனக்கு எழுதாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த இரவு, வெளியே ஒரு நாற்காலியில் இருந்தேன். கையில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த தாள். மூன்று தடவை படித்தும் ஒரு வரி ஏறவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, மொதல்ல மூச்ச விடு." பிடித்து வைத்திருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது. விட்டேன், அது பாட்டுக்கு நீளமாகப் போனது. அப்புறம்தான் நாற்காலியின் இரும்பு சில்லிட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை என்பதும் தெரிந்தது. உள்ளே எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் தாளைப் படிக்க முடிந்தது. 'சம்மதம்' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மா எண்ணச் சொல்லவில்லை, கண்ணை மூடச் சொல்லவில்லை. நீங்களும் மூட வேண்டாம். மூடினால் பதறுகிறது என்றால் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், பாதம் தரையில் படுவதைப் பாருங்கள். மூச்சு வெளியே போகும்போது மட்டும் கூடப் போங்கள். உள்ளே வருவது அதுவாக வரும், பிறந்ததிலிருந்து வந்துகொண்டுதானே இருக்கிறது?

41 நாள் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். அலுவலகத்தில் வேலை தலைக்கு மேல் என்று அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து மூச்சுக்கும் வருகைப் பதிவு போடுகிறீர்களே! நான்கா ஏழா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். செயலி எதுவும் எனக்குத் தெரியாது.

இன்னொன்று. செயலிக்கு அத்தனை வரி எழுதிய நீங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சை என்றைக்கு? கூட யார் இருக்கப்போகிறார்கள்? அதை எழுதுங்கள்.