உப்புத் தண்ணில கரண்ட்: ஆர்ஓ மெம்ப்ரேன் ஆகுமா?

கேள்வி: ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் சேர்ற இடத்துல கரண்ட் எடுக்கலாமாமே, அந்த மெம்ப்ரேன் நல்லதா மட்டமானு எப்படி பாக்குறாங்க? வீட்டு ஆர்ஓ மெம்ப்ரேனே போதாதா?

பதில்: நடுவுல மெம்ப்ரேன் (மெல்லிய சவ்வு) வச்சா நல்ல தண்ணி தானாவே உப்புப் பக்கம் இழுபடும், அங்க ஏறுற பிரஷர்லதான் டர்பைன் சுத்தி கரண்ட் வருது. அதனால முதல்ல பாக்குறது மெம்ப்ரேன் சதுர மீட்டருக்கு எத்தனை வாட்ங்கறதுதாங்க. ஒரு சதுர மீட்டர் வழியா மணிக்கு எத்தனை லிட்டர் நல்ல தண்ணி உப்புப் பக்கம் போகுதோ அதை அந்தப் பக்கத்து பிரஷரால, பார் கணக்குல, பெருக்கி 36-ஆல வகுங்க, வாட் வந்துடும். 18 லிட்டர், 10 பார்னா 5 வாட். பிரஷரை ஏத்த ஏத்த தண்ணி வரத்து குறையும், அதனால ஆஸ்மாட்டிக் பிரஷர் (உப்பு தண்ணிய இழுக்குற பிரஷர்) வித்தியாசத்துல பாதி கிட்டதான் உச்சம்.

ஆர்ஓ மெம்ப்ரேன்ல மெல்லிசா ஒரு தோல், அதைத் தாங்க பின்னாடி தடியா ஒரு லேயர். வீட்ல அது தொல்லையே இல்ல, ஆனா இங்க அந்த லேயருக்குள்ள உப்பு கசிஞ்சு தேங்கிக்கும், வெளிய எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் தோலுக்கு பாதிகூட போய்ச் சேராது. அதனால உப்பு எவ்வளவு கசியுது, தாங்கு லேயர் எவ்வளவு தடி, இதையும் அளக்கணும். லேப்ல சுத்தமான தண்ணில வர்ற நம்பரை மட்டும் காட்டுனா நான் நம்பமாட்டேன், ஆத்துத் தண்ணில சேறும் பாசியும் அடைக்குமே!

நார்வேல ஸ்டாட்கிராஃப்ட் கம்பெனி 2009-ல டோஃப்டேல சின்னதா ஒரு பிளான்ட் தொறந்தாங்க, குறி சதுர மீட்டருக்கு 5 வாட், எட்டல, 2013-ல கைவிட்டாங்க. ஜப்பான்ல ஃபுகுவோகா 2025-ல ஆரம்பிச்சது வேற ரூட்டு, கடல்நீரைக் குடிநீராக்குற பிளான்ட்டோட கழிவு உப்புத் தண்ணியவே எடுத்துக்குறாங்க, உப்பு டபுளா இருக்கும்ல.