பதில்: எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, வாடிக்கையாளருக்கு மட்டும் குரல் வெட்டி வெட்டிப் போகிறது

எதிர்முனையில் உங்கள் குரல் வெட்டுகிறது, ஆனால் ஆஸ்டரிஸ்க் (உங்கள் தொலைபேசி சர்வர் மென்பொருள்) கண்காணிப்பில் எம்ஓஎஸ் (5-க்குத் தரும் குரல் தர மதிப்பெண்) 4.3 காட்டுகிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். இதில் முரணே இல்லை. அந்த மதிப்பெண் பெரும்பாலும் உங்கள் சர்வருக்குள் வரும் குரலுக்கானது. வெளியே போகும் குரலின் கதி அதில் தெரியாது.

அழைப்பு நடக்கும்போதே ஆஸ்டரிஸ்கில் 'பிஜேசிப் ஷோ சேனல்ஸ்டாட்ஸ்' என்ற கட்டளையை அடித்து, ட்ரான்ஸ்மிட் (வெளியே போகும்) பக்கத்து லாஸ்ட் எண்ணைப் பாருங்கள். எதிர்முனை ஆர்டிசிபி (குரலோடு கூடவே போகும் தர அறிக்கை) வழியாகத் திருப்பிச் சொல்லும் பாக்கெட் இழப்பு அது. பூஜ்ஜியமாகவே நின்றால் உடனே நம்பிவிடாதீர்கள். ஆர்டிசிபி அனுப்பாத ட்ரங்குகளும் (தொலைபேசி நிறுவன இணைப்புகளும்) உண்டு.

அடுத்து, ரவுட்டரின் வெளிப்புற போர்ட்டை மிரர் செய்து (அதில் போகும் பாக்கெட்டுகளின் நகலை எடுத்து), வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருளில் பிடியுங்கள். ஆர்டிபி (குரல் பாக்கெட்) ஸ்ட்ரீம் பகுப்பாய்வில் டெல்டா நிரலை, அதாவது இரண்டு பாக்கெட்டுகளுக்கு இடையிலான நேரத்தைப் பாருங்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்கத்தில் வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட். 20, 20, 140, 1, 1, 1 என்று வந்தால் பாக்கெட் தொலையவில்லை, வரிசையில் சிக்கி மொத்தமாக வெளியேறுகிறது. தாமதமாக வருவதை எதிர்முனை ஜிட்டர் பஃபர் (பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திச் சீராக ஒலிக்கவிடும் இடம்) தூக்கி எறிந்துவிடும். காதுக்கு அதுவும் இழப்புதான்.

ஒரே நேரத்தில் 12 ஜி.711 அழைப்புக்கு ஈதர்நெட்டில் சுமார் 1.05 எம்பிபிஎஸ் போதும், உங்கள் அப்லோடோ 10 எம்பிபிஎஸ். ஆக, அலைவரிசைப் பஞ்சம் இல்லை. கேமரா பதிவுகளைக் கிளவுடுக்கு ஏற்றுவதாகச் சொன்னீர்களே, என் சந்தேகம் அதன்மேல்தான். ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். குரல் சரியானால், ரவுட்டரில் மொத்த அப்லோடை 9 எம்பிபிஎஸ்ஸுக்குள் கட்டுப்படுத்தி, டிஎஸ்சிபி 46 (குரலுக்கான முன்னுரிமைக் குறி) உள்ள பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். கட்டுப்படுத்தாமல் முன்னுரிமை மட்டும் கொடுத்தால், வரிசை மோடத்துக்குள் சேரும். அங்கே உங்கள் விதி செல்லாது.

குரலை இன்னும் சுருக்கி அனுப்பும் ஜி.729 குறியாக்கத்துக்கு மாறும் யோசனையை விடுங்கள். ஒரு பாக்கெட் போனால் அதில் பாதிப்பு இன்னும் கூடும்.