லாக் புக்கை மட்டும் புதிதாக எழுதிவிடாதீர்கள்

கேள்வி: ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி நடத்துகிறோம். அப்பா காலத்துத் தொழில். பக்கத்துத் தோட்டத்துக்காரர், தன் கிணற்றுத் தண்ணீர் புளித்து நாறுகிறது என்று மனுப் போட்டுவிட்டார். எங்களுக்குள் பல வருட வரப்புத் தகராறு, அந்த வன்மம்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் நான் ஊரில் இல்லாதபோது வந்து சாம்பிள் எடுத்தார்கள். இப்போது ஏன் மூடக்கூடாது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. கழிவுநீர் அளவைத் தினமும் பதியும் லாக் புக்கையும் போன சீசனுக்குக் கேட்கிறார்கள். அதில் பாதி நாள் எழுதவில்லை, மீதி நாளுக்கு ஒரே நம்பர். புது நோட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் மேனேஜர். எத்தனையோ ஃபேக்டரி இருக்க எங்களை மட்டும் குறிவைப்பது என்ன நியாயம்? சாம்பிள் எடுத்ததே செல்லாது என்று வழக்குப் போடலாமா?

பதில்: வரப்புத் தகராறை விடுங்கள். மனுப் போட்டவருக்கு வன்மம் இருப்பதால் உங்கள் கழிவுநீர் சுத்தமாகிவிடாது. பக்கத்து ஃபேக்டரியும் விடுகிறதே என்ற வாதத்தை எந்த அமர்வும் காதில் வாங்காது. உங்கள் வழக்கில் சட்டப்படி ஒரே விஷயம்தான் இருக்கிறது: வாரியம் கொடுத்த இசைவாணையில் (அனுமதியில்) சொன்னபடி கழிவுநீரை அளந்து, சோதித்து, பதிந்தீர்களா? இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சாம்பிள் விஷயம். 1974 நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி நடைமுறை தவறினால் அந்த ஆய்வு முடிவு சாட்சியமாக ஏற்கப்படாது, உண்மைதான். ஆனால் நீங்கள் ஊரில் இல்லாதது மட்டும் போதாது, உங்கள் ஆள் இருந்தாலே போதும். சாம்பிள் எடுத்த காகிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டாரா? போட்டிருந்தால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. போடவில்லை என்றாலும், குற்ற வழக்கில் பயன்படும் வாதம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் அவ்வளவு பலம் தராது. சாட்சியச் சட்ட விதிகள் அந்தத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. நீர்ச் சட்டத்தின் 33-ஏ பிரிவில் மூடும் உத்தரவு வந்தால் நீங்கள் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டிய இடமும் அதுதான். அதற்குள் கரண்டைத் துண்டித்துவிட்டால் தொட்டியில் இருக்கும் கிழங்குப் பால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மேனேஜரின் யோசனைக்கு வருகிறேன். நோட்டீஸ் வந்தவர்கள் முதலில் விழுவது இந்தக் குழியில்தான். என்னிடம் வந்த லாக் புக்குகளைப் புரட்டினால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே பேனா, ஒரே கையெழுத்து. வெளியேற்றம் நாளுக்கு 60 கிலோலிட்டர் என்று பொங்கலன்றுகூட எழுதியிருக்கும். கிழங்கு லோடே வராத நாளிலும் அதே 60. அதிகாரி இந்த நோட்டை மட்டுமா பார்ப்பார்? சுத்திகரிப்புக்கென்று தனி மீட்டர் இருந்தால் அதைப் பார்ப்பார். கழிவுநீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் ஓடியிருந்தால் யூனிட் ஏறியிருக்க வேண்டும். அப்புறம் கிழங்கு எடைச் சீட்டு, சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு மூட்டை போன கணக்கு, ஜிஎஸ்டி பில் எல்லாம் அரைத்த நாள் எது, அரைக்காத நாள் எது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நோட்டை எழுதாமல் விட்டது இசைவாணை மீறல். இப்போது உட்கார்ந்து எழுதினால் பொய்ச் சாட்சியம் உருவாக்கிய கதையாகும். தீர்ப்பாயத்தின் முன்போ நீதிமன்றத்திலோ அதைத் தாக்கல் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 228, 229-வது பிரிவுகள் வரும், ஏழு ஆண்டு வரை சிறை. அளவு மீட்டரைத் திருகியிருந்தால் நீர்ச் சட்டத்தின் 42-வது பிரிவில் அது தனிக் குற்றம். மேனேஜர் எழுதினார், எனக்குத் தெரியாது என்று நீங்கள் பின்னால் சொன்னால் மேனேஜரே உங்களுக்கு எதிரான சாட்சி.

பழைய நோட்டை இருக்கிறபடி கொடுங்கள். விட்ட நாட்களை விட்டதாகவே காட்டி, கையில் உள்ள மின்கட்டண ரசீதையும் உற்பத்திக் கணக்கையும் இணையுங்கள். பதிலை நோட்டீஸில் சொன்ன தேதிக்குள் வக்கீல் மூலம் கொடுங்கள்.

பணக் கணக்கு இதைவிட முக்கியம். சுற்றுச்சூழல் இழப்பீட்டை மத்திய வாரியத்தின் சூத்திரப்படி போட்டால் மீறிய நாட்கள் ஒரு பெருக்கல் எண். நாளுக்குக் குறைந்தது 5,000 ரூபாய். 150 நாள் என்றாலே ஏழரை லட்சம். சரிசெய்து விட்டதாக வாரியம் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை நாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே சாம்பிளை எதிர்த்து மாதக்கணக்கில் வாதாடுவது உங்கள் பையிலிருந்தே போகிறது. இன்றே ஏரேட்டரையும் மீட்டரையும் சரிசெய்யுங்கள், நிலத்துக்கு விடும் தண்ணீரில் பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் வருகிறதா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, மறு ஆய்வுக்கு எழுத்தில் கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.

தோட்டத்துக்காரரிடம் சமாதானமாகப் போங்கள். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் அவர் தீர்ப்பாயத்துக்குப் போனால், உங்கள் ஃபேக்டரியால் கிணறு கெட்டது என்று தெரிந்தால் இழப்பீடு விதிக்கும் அதிகாரம் அதற்குப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17-வது பிரிவில் இருக்கிறது. இழப்பீடு கேட்க அவருக்கு ஐந்து ஆண்டு அவகாசமும் உண்டு. கிணற்றைத் தூர்வாரிக் கொடுப்பதும், நல்ல தண்ணீருக்கு ஏற்பாடு செய்வதும் அதைவிட மலிவு. ஒப்பந்தத்தில் ‘இரு தரப்பு உரிமைகளுக்கும் பாதகமின்றி’ என்று போட்டு, பணத்தைச் செக்காகக் கொடுங்கள். ஊர்ப் பெரியவர் கையில் ரொக்கம் கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்த ஒப்பந்தம் வாரியத்தைக் கட்டுப்படுத்தாது, நோட்டீஸ் அப்படியேதான் நிற்கும். ஆனால் மனுதாரர் விலகிக்கொண்டார் என்ற காகிதம் உங்கள் பதிலோடு போனால் பேச்சின் தொனி மாறும். வரப்பு விஷயத்தை அந்தக் காகிதத்தில் சேர்க்க வேண்டாம்.