மவுண்ட் ரோடு: கேட்டீர்கள், சொல்கிறேன்

மவுண்ட் ரோட்டின் பழைய கடைகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். இருபத்தெட்டு வருடம் அந்தச் சாலையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். மதியச் சாப்பாடு முடிந்து மிஞ்சும் அரை மணி நேரமெல்லாம் அந்தக் கடைகளில்தான் போனது.

திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம், ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது. எங்கே தொடங்கலாம் சார்?

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, அண்ணா சிலை வழியாக எல்.ஐ.சி. பக்கம் நடந்து வாருங்கள். வேலை நாளில், பத்தரை மணிக்கு மேல் வந்தால் கடைகள் திறந்திருக்கும். முதலில் பி.ஆர். அண்ட் சன்ஸ், 1873இல் கட்டிய கடிகாரக் கடை. பக்கத்திலேயே ஹிக்கின்பாதம்ஸ். 1844இல் தொடங்கிய புத்தகக் கடை. இப்போதுள்ள கட்டடம் 1904ஆம் வருடத்தது. உள்ளே போனதும் புத்தகத்தைத் தேடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று தரையைப் பாருங்கள், பிறகு அண்ணாந்து பாருங்கள். அந்த உயரத்தில் கூரை போட்டது அழகுக்கு மட்டுமில்லை, மின்விசிறி இல்லாத காலத்துச் சென்னை வெயிலுக்காகவும்தான். வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழும் இடத்தை உங்கள் பிள்ளைக்குக் காட்டுங்கள். அங்கிருந்து எல்.ஐ.சி. கட்டடம், 1959. அதைப் பார்க்கவென்றே வெளியூரிலிருந்து வந்தவர்கள் உண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள். வெளியில் நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். உள்ளே போய் ஏதாவது ஒன்று வாங்குங்கள், நூறு ரூபாய்க்காவது. கல்லாவில் பணம் விழுந்தால்தான் அந்தக் கடை அங்கே இருக்கும்.

கல்யாணப் பட்டு எடுக்க மவுண்ட் ரோடு நல்லதா?

தி.நகருக்குப் போங்கள் அம்மா. இல்லையென்றால் எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ்.

பெரிய கடைகள் எல்லாம் ஏன் இந்தச் சாலைக்கு வந்தன? ஜார்ஜ் டவுன்தானே வியாபார இடம்?

நல்ல கேள்வி தம்பி. ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரத்துக்கும் துறைமுகத்துக்கும் உரிய இடம். கோட்டைக்குள் நெருக்கியடித்து இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வெளியே வந்து பெரிய தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அந்த வீடுகளுக்கும் கோட்டைக்கும் நடுவே அவர்கள் தினம் வண்டியில் போய்வந்த பாதை இது. கவர்னர் மாளிகையும் இதை ஒட்டித்தான் இருந்தது. வாங்குகிறவன் போகும் வழியில் கடை வைப்பதுதானே வியாபாரம்? அதனால்தான் இங்கே கட்டிய பழைய கடைகளுக்கு முன்னால் வண்டி வந்து நிற்கப் பெரிய இடம் விட்டார்கள்.

அந்த வண்டிகளிலிருந்தே இன்னொரு தொழில் பிறந்தது. 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டிக்கொடுத்தது. 1903இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றையே செய்து காட்டினார். பிறகு கார் ஷோரூம்கள் இந்தச் சாலையில் வரிசையாக வந்தன. ஷோரூம் வந்த இடத்தில் சீட் கவரும் ஹாரனும் விற்கிறவர்கள் வராமல் இருப்பார்களா? இன்றைக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நீங்கள் பார்க்கும் கார் சாமான் கடைகள் அந்த வழியில் வந்தவைதான்.

கார் எங்கே நிறுத்துவது?

காரில் வராதீர்கள். மெட்ரோ இருக்கிறது.

லேப்டாப் சார்ஜர் அங்கே கிடைக்குமா?

ரிச்சி தெரு. ஞாயிறு லீவு.

ஸ்பென்சர் பிளாசா நூறு வருடத்துக்கு மேலான கட்டடம்தானே? சிவப்பு நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இல்லை. பழைய ஸ்பென்சர் 1983இல் தீயில் போய்விட்டது. இப்போது நிற்பது அதே இடத்தில் புதிதாகக் கட்டியது. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழையது கூரான கோபுரங்களும் வளைவுகளும் கொண்ட செங்கல் கட்டடம். ஸ்பென்சர் வெறும் கடையும் இல்லை. சோடா போட்டார்கள், திண்டுக்கல்லில் சுருட்டு செய்தார்கள், ரயில்வே உணவகங்களை நடத்தினார்கள்.

அதே அன்பர் மறுபடியும்: எங்கள் மாமா நேரில் பார்த்தவர். தீப்பிடித்தது 1985. பழைய புத்தகங்கள் எரிந்து தெருவெல்லாம் காகிதக் கரி பறந்தது என்கிறார்.

உங்கள் மாமா பார்த்தது உண்மை, ஆனால் அது ஸ்பென்சர் இல்லை. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட். இரண்டு வருட இடைவெளியில் ஊரின் இரண்டு பெரிய கடைவீதிக் கட்டடங்கள் எரிந்ததால் நிறையப் பேர் மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில்தான் இன்றைக்குப் புறநகர் மின்சார ரயில் நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

வியாசர்பாடி நண்பர்: மவுண்ட் ரோடு பணக்காரர்களுக்கு. எங்களுக்கு மூர் மார்க்கெட்தான். அதைப் பற்றி எழுதாமல் ஸ்பென்சருக்கு ஏன் அழுகிறீர்கள்?

அண்ணே, ஸ்பென்சருக்கு மட்டும் நான் அழவில்லை. என் அப்பா மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய ஆங்கில அகராதி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் யாரோ ஒருவருடைய பச்சை மைக் கையெழுத்து. மூலையில் பென்சிலால் மூன்று ரூபாய் என்று விலை. பின்னட்டையின் உட்புறம் நகம் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ஹிக்கின்பாதம்ஸ், மவுண்ட் ரோடு. வண்டியில் வந்தவர் புதிதாக வாங்கியதை, முப்பது நாற்பது வருடம் கழித்து என் அப்பா நடந்து போய் வாங்கியிருக்கிறார். அவரும் மவுண்ட் ரோடு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்தான். நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் இரண்டு இடமும் ஒரே நூலின் இரண்டு முனை.

தரமணி நண்பர்: மூர் மார்க்கெட் எரிந்ததா, எரித்தார்களா?

அந்தப் பேச்சு அன்றிலிருந்து உண்டு. ஆதாரம் இல்லாமல் நான் எழுத மாட்டேன். இதைப் பற்றி மட்டும் இன்னும் பதினோரு கேள்விகள் வந்திருக்கின்றன. இதோடு நிறுத்திக்கொள்வோம், நாம் மவுண்ட் ரோட்டுக்கு வந்தவர்கள்.

தாத்தாவின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஓடவில்லை. பழுது பார்க்கக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அவசரப்படாதீர்கள். கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், மூடி திறந்து உள்பக்கம் மூன்றையும் அவர்கள் எதிரிலேயே படம் எடுங்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முக்கியமாக, முகப்பைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். என் அப்பாவின் கடிகாரத்தை ஒரு கடையில் கொடுத்தேன். நல்லது செய்வதாக நினைத்து, மஞ்சளித்த முகப்பைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஆறு மணி எண்ணுக்குப் பக்கத்தில் அப்பா கீழே போட்டு விழுந்த சின்னக் கீறல் இருந்தது. அதுவும் போயிற்று. கடிகாரம் இன்றைக்கும் சரியாக ஓடுகிறது, நான் கட்டுவதில்லை.

சிக்கன் 65 அங்கேதான் பிறந்ததா?

1951இல் மவுண்ட் ரோட்டில் திறந்த புஹாரி, 1965இல் தாங்கள் கொண்டுவந்தது என்று சொல்கிறது. பெயருக்கு வேறு கதைகளும் உண்டு. போய்ச் சாப்பிடுங்கள்.

மவுண்ட் ரோடா, அண்ணா சாலையா? எப்படிச் சொல்வது சரி?

இரண்டும் சரி. அண்ணா சிலை 1968இலேயே, அவர் முதல்வராக இருந்தபோதே வந்துவிட்டது. சாலைக்குப் பெயர் வந்தது அவர் மறைந்த பிறகு. ஆட்டோக்காரருக்கு இரண்டுமே புரியும்.

பார்க்கிங் வசதி உண்டா? காரில் வரலாமா? வண்டி எங்கே விடுவது?

மூன்று பேருக்கும் ஒரே பதில், மேலே இருக்கிறது. கேட்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

எல்லாம்தான் எரிந்தும் இடிந்தும் போயிற்றே. சினிமா தியேட்டரும் போயிற்று. இனி பார்க்க என்ன இருக்கிறது ஐயா?

சபையர் போயிற்று, சாந்தி போயிற்று, உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் மூத்தது இன்னும் இருக்கிறது. அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போய், தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு எங்கே என்று கேளுங்கள். காட்டும் கட்டடம் 1913இல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர். மவுண்ட் ரோட்டுக்கு வந்தவர்கள் மௌனப் படம் பார்த்த இடம். வாசலில் பெரிதாக ஒன்றும் இருக்காது, பலர் தாண்டிப் போய்விடுவார்கள். வேலை நாளில் போனால் கவுன்டர் திறந்திருக்கும். உங்கள் பேரப்பிள்ளையிடம் காசைக் கொடுத்து, பிடித்த தபால்தலை ஒன்றை அவர்களையே வாங்கச் சொல்லுங்கள்.